பாட்டி தூக்கிய மருந்துப் பம்பும் பேரனின் எடையும்

மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் இருக்கும் ஒரு தங்கச்சி கேட்ட கேள்வி இது. மூத்த பையனுக்கு ஏழு வயது, 122 சென்டிமீட்டர் உயரம், 34 கிலோ எடை. பள்ளிக்கு வந்த தாதியர்கள் அளந்து பார்த்து, உடல் பருமன் என்று எழுதி ஒரு கடிதம் கொடுத்தனுப்பியிருக்கிறார்கள். வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்களாம். பிளாஸ்டிக் போத்தலில் சுடச்சுடப் பால் கொடுத்து வளர்த்ததுதான் என்கிறார் மாமியார். தங்கச்சியின் அம்மாவோ, வயிற்றில் பிள்ளையோடு தோட்டத்தில் மருந்துப் பம்பு தூக்கியதை நினைத்து அழுகிறார். அந்த மருந்து மகள் வழியாகப் பேரன் வரைக்கும் வந்துவிட்டதோ என்ற பயம். ஹார்மோன்களைக் குழப்பும் ரசாயனங்கள் கருவிலேயே பிள்ளையின் உடம்பைக் குண்டாகத் திருப்பிவிடும் என்று எங்கோ படித்த பிறகு தங்கச்சிக்கும் தூக்கம் போய்விட்டது. இப்போது இரண்டாவது பிள்ளை வயிற்றில், ஐந்து மாதம். "அக்கா, இது உண்மையா? இனி நான் என்ன செய்யலாம்?"

நேராகவே சொல்லிவிடுகிறேன், தங்கச்சி. கருவிலும் கைக்குழந்தைப் பருவத்திலும் உடம்பில் சேரும் சில ரசாயனங்கள், பின்னாளில் எடை கூடுவதற்கு ஒரு காரணமாக இருக்கின்றன என்றே நான் நினைக்கிறேன். எலிகளில் அது தெளிவாகக் காட்டப்பட்டிருக்கிறது. மனிதர்களில் சில பொருள்களுக்கு ஆதாரம் வலுவாக இருக்கிறது, சிலவற்றுக்கு ஓர் ஆய்வு ஒன்று சொன்னால் அடுத்தது வேறு சொல்கிறது. ஆனால் உங்கள் பையனின் 34 கிலோவில் ரசாயனத்தின் பங்கு இவ்வளவு என்று எந்த டாக்டராலும் பிரித்துக் காட்ட முடியாது. உங்கள் அம்மா தூக்கிய பம்பும், மாமியார் சொல்லும் போத்தலும் இந்தக் கதையில் பெரிய குற்றவாளிகள் இல்லை. நான் தோட்டத்தில் பிறந்து, பிறகு அரசு மருத்துவமனையில் உணவியல் பிரிவில் வேலை பார்த்தவள். இரண்டு பக்கத்திலிருந்தும் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் அந்த எலிகள். கப்பலின் அடிப்பாகத்தில் சிப்பியும் பாசியும் ஒட்டாமல் இருக்க ட்ரைபியூட்டைல்டின் என்ற வெள்ளீயச் சேர்மத்தைப் பெயிண்டில் கலந்து வந்தார்கள். கடல் நத்தைகளின் இனப்பெருக்கத்தையே அது கெடுத்ததால் 2008-இல் உலகளவில் தடை நடைமுறைக்கு வந்தது. அமெரிக்காவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் புரூஸ் புளும்பெர்க் என்பவரின் குழு இதைச் சினையான எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தது. பிறந்த குட்டிகளுக்குக் கொழுப்பு கூடுதலாக இருந்தது. இப்படிப்பட்ட பொருள்களுக்கு 2006-இல் அவரும் ஃபெலிக்ஸ் குருனும் 'ஒபிசோஜென்' என்று பெயர் வைத்தார்கள். 2013-இல் அதே ஆய்வுக்கூடம் இன்னொரு முடிவை வெளியிட்டது. சினையான முதல் எலிக்கு மட்டும் மருந்தைக் கொடுத்துவிட்டு, அதன் பிள்ளை, பேரன், கொள்ளுப்பேரன் என்று வரிசையாகப் பார்த்தார்கள். கொள்ளுப்பேரக் குட்டிகளிலும் கொழுப்பு கூடியிருந்தது.

இது எப்படி நடக்கிறது? கரு வளரும்போது சில இளம் செல்கள் இன்னும் எந்த வேலைக்கும் ஒதுக்கப்படாமல் இருக்கும். அவை எலும்பாகவும் ஆகலாம், கொழுப்பாகவும் ஆகலாம். தோட்டத்துப் பெரட்டில் விடியற்காலை ஆள்கள் வரிசையாக நிற்க, நீ வெட்டுக்குப் போ, நீ உரத்துக்குப் போ என்று கங்காணி பிரித்து அனுப்புவார் இல்லையா, அந்த மாதிரி இந்தச் செல்களைப் பிரித்து அனுப்புபவை ஹார்மோன்களும் அவற்றை ஏற்கும் புரதங்களும். ட்ரைபியூட்டைல்டின் கங்காணியின் குரலில் பேசிவிடுகிறது. 'பிபிஏஆர் காமா' என்று ஒரு ஏற்பி இருக்கிறது, கொழுப்புச் செல் உருவாக உத்தரவிடுவது அதுதான். இந்த ரசாயனம் அதைத் தூண்டிவிட, எலும்புக்குப் போக வேண்டியவையும் கொழுப்புப் பக்கம் போய்விடுகின்றன. ஹார்மோன்கள் ரத்தத்தில் மிகமிகச் சொற்ப அளவிலேயே வேலை செய்பவை. அதனால்தான் இந்த வகை ரசாயனங்களில் கொஞ்சமாக இருந்தால் பரவாயில்லை என்று சும்மா தள்ளிவிட முடிவதில்லை.

சின்ன வயதுக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம் என்பதற்கு எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு சுவீடனிலிருந்து வந்தது. 1950-களிலும் 60-களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் வெட்டவெளியில் அணுகுண்டுகளை வெடித்துப் பார்த்தபோது காற்றில் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பன் கூடியது. பிறகு அது மெல்லக் குறைந்து வந்தது. அதையே காலண்டராக வைத்துக்கொண்டு, கிர்ஸ்டி ஸ்பால்டிங் என்பவரின் குழு மனிதர்களின் கொழுப்புச் செல்களுக்கு எத்தனை வயது என்று கணக்கிட்டது. 2008-இல் முடிவு வந்தது. ஆண்டுக்குப் பத்தில் ஒரு பங்கு கொழுப்புச் செல்கள் இறந்து புதிதாகப் பிறக்கின்றன, ஆனால் மொத்த எண்ணிக்கை வளர்ந்தவர்களிடம் ஏறக்குறைய மாறுவதே இல்லை. உடம்பு இளைத்தால் செல்கள் சுருங்குகின்றன, எண்ணிக்கை அப்படியே நிற்கிறது. அந்த எண்ணிக்கை பெரும்பாலும் குழந்தைப் பருவத்திலும் பதின்ம வயதிலும் தீர்மானமாகிறது. அப்படியானால் அந்த வயதில் எது குறுக்கே வந்தாலும், உணவோ ரசாயனமோ, அதன் விளைவு ஆயுள் முழுக்கக் கூடவே வரலாம்.

சரி, எலிகள் இருக்கட்டும். மனிதர்களில் என்ன தெரியும்?

மிக உறுதியான ஆதாரம் பிளாஸ்டிக்கைப் பற்றியோ பூச்சிமருந்தைப் பற்றியோ இல்லை, சிகரெட்டைப் பற்றியது. கர்ப்ப காலத்தில் தாய் புகைத்தால் குழந்தை எடை குறைந்து பிறக்கும், பின்னாளில் பருமனாகும். பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு எடை கூடும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சுமார் 50 விழுக்காடு அதிகமாக இருந்தது. நம் பெண்கள் புகைப்பதில்லை என்று சட்டென்று கடந்து போகாதீர்கள். வீட்டுக்காரர் கூடத்தில் உட்கார்ந்து பிடித்தால் அந்தப் புகை உங்களுக்கும்தான். பயத்தில் பிளாஸ்டிக் டப்பாக்களையெல்லாம் வெளியே வீசிவிட்டு, சாம்பல் கிண்ணத்தை மட்டும் டீப்பாய் மேலேயே வைத்திருக்கிற வீடுகளைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்து டிடிடி என்ற பூச்சிக்கொல்லி. நம் தோட்டங்களுக்கும் இதற்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. ஒரு காலத்தில் தோட்டம் என்றாலே மலேரியாதான். மேற்கு மலேசியாவில் மலேரியா ஒழிப்புத் திட்டம் 1967-இல் தொடங்கியது. மருந்தடிப்பவர்கள் லயன் லயனாக வந்து வீட்டுச் சுவர்களின் உட்புறத்தில் டிடிடி தெளித்துவிட்டுப் போனார்கள். அதனால் எத்தனையோ உயிர்கள் பிழைத்தன, அதை மறக்கக் கூடாது. ஆனால் டிடிடி கொழுப்பில் கரையும், உடம்பில் வருடக்கணக்கில் தங்கும், நஞ்சுக்கொடியைத் தாண்டும், தாய்ப்பாலிலும் வரும். உங்கள் அம்மா அறுபதை நெருங்குகிறவர் என்றால், அவர் பிறந்த காலமும் அந்தக் காலமும் ஏறத்தாழ ஒன்றே.

ஏறத்தாழ அதே காலத்தில், 1959-க்கும் 1967-க்கும் இடையில், அமெரிக்காவின் ஓக்லண்ட் பகுதியில் ஆயிரக்கணக்கான கர்ப்பிணிகளின் ரத்தத்தை எடுத்து உறைய வைத்திருந்தார்கள். அமெரிக்காவில் டிடிடி தாராளமாகப் புழங்கிய நாள்கள் அவை. அங்கே 1972-இல்தான் தடை வந்தது. பிற்காலத்தில் அந்த ரத்தத்தில் டிடிடியை அளந்து, அந்தப் பெண்களின் மகள்களையும் பேத்திகளையும் தேடிப் பிடித்துப் பரிசோதித்தார்கள். 2021-இல் வெளிவந்த முடிவு இது: சாதாரண எடையில் இருந்த பாட்டிகளில், ரத்தத்தில் ஒரு வகை டிடிடி அதிகம் இருந்தவர்களின் பேத்திகளுக்கு, குறைவாக இருந்தவர்களின் பேத்திகளைக் காட்டிலும் பருமனாகும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கும் மேல். அந்தப் பேத்திகள் சீக்கிரமே வயதுக்கும் வந்திருந்தார்கள்.

பாட்டியின் ரத்தத்தில் இருந்தது பேத்திக்கு எப்படிப் போகும் என்று கேட்பீர்கள். ஒரு பெண் குழந்தை தாயின் வயிற்றில் ஐந்து மாதக் கருவாக இருக்கும்போதே, அவள் வாழ்நாளுக்குமான கருமுட்டைகள் எல்லாம் உருவாகிவிடுகின்றன. ஆகவே பெண் குழந்தையைச் சுமக்கும் ஒரு கர்ப்பிணியின் உடம்பில் மூன்று தலைமுறை ஒன்றாக இருக்கிறது. உங்கள் அம்மா உங்களைச் சுமந்தபோது, பின்னாளில் உங்கள் பையனாகப் போகிற முட்டையும் அவருக்குள்தான் இருந்தது. அதனால் அவருடைய பயம் அறிவில்லாத பயம் இல்லை. வீட்டில் யாராவது அவரைப் பார்த்துச் சிரித்தால் இதைச் சொல்லுங்கள்.

கலிஃபோர்னியாவின் சலினாஸ் பள்ளத்தாக்கிலும் ஓர் ஆய்வு நடக்கிறது. மெக்சிகோவிலிருந்து பிழைக்க வந்து, கீரையும் ஸ்ட்ராபெரியும் பறிக்கும் கூலிக் குடும்பங்களின் பிள்ளைகளைக் கருவிலிருந்தே தொடர்ந்து பார்க்கிறார்கள். நம் கதைக்கு மிகவும் பக்கத்தில் இருக்கும் ஆய்வு என்று இதைச் சொல்வேன். தாயின் ரத்தத்தில் டிடிடி கூடுதலாக இருந்தவர்களின் ஆண் பிள்ளைகள் 12 வயதில் எடை கூடி இருந்தார்கள். பெண் பிள்ளைகளிடம் அப்படித் தெரியவில்லை. பல ஊர்களில் பல குழுக்கள் அளந்தும் டிடிடியின் கை ஒரே திசையைத்தான் பெரும்பாலும் காட்டுகிறது.

ஆனால் உங்கள் அம்மா முதுகில் சுமந்தது டிடிடி இல்லை, களைக்கொல்லி. நீங்கள் பிறந்த காலத்தில் ரப்பர் காட்டிலும் செம்பனைக் காட்டிலும் அடித்தது பெரும்பாலும் பாராகுவாட். அதற்கும் உடல் பருமனுக்கும் முடிச்சுப் போட நல்ல ஆதாரம் இல்லை. அது தாக்குவது நுரையீரலை. கொஞ்சம் விழுங்கினாலே ஆளைக் கொல்லும், முறிமருந்து கிடையாது. அதைத் தெளித்த பெண்களுக்கு மூக்கில் ரத்தம் வந்தது, நகம் கழன்றது, கண்ணும் தோலும் எரிந்தன. இரேன் பெர்னாண்டஸ் தொடங்கிய தெனகானித்தா என்ற பெண்கள் உரிமை அமைப்பு இதையெல்லாம் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பதிவு செய்தது. 2002-இல் அரசாங்கம் பாராகுவாட்டை நிறுத்துவதாக அறிவித்தது, 2006-இல் அந்த முடிவைத் தளர்த்திக்கொண்டது, கடைசியில் 2020 ஜனவரி 1 முதல்தான் முழுத் தடை வந்தது. இதை எழுதும்போது எனக்கு இன்னும் கோபம் வருகிறது. பால் வெட்டுவதற்கு ரப்பர் மரம் கிடைக்காத பெண்களுக்கு மருந்தடிக்கும் வேலை கொடுத்தார்கள். கையுறையும் முகமூடியும் கொடுக்காமல், கொடுத்த இடத்திலும் அந்த வெயிலில் போட முடியாமல், மருந்து முதுகில் ஒழுக ஒழுக வேலை வாங்கினார்கள். இன்று அதே பெண் பேரனின் எடைக்காகத் தன்னைக் குற்றம் சொல்லிக்கொண்டு அழுகிறார். அழ வேண்டியவர் அவர் இல்லை.

இனி மாமியாரின் போத்தல். அவர் சொல்வது பிபிஏ என்ற ரசாயனத்தை. கண்ணாடி மாதிரி தெளிவாக, தட்டினால் கெட்டியாக இருக்கும் பாலிகார்பனேட் பிளாஸ்டிக்கில் இது இருக்கும். உணவு டின்களின் உள்பூச்சில் இருக்கும், கடையில் கொடுக்கும் வழவழப்பான ரசீதுத் தாளிலும் இருக்கும். ஈஸ்ட்ரோஜென் என்ற பெண் ஹார்மோனைப் போல லேசாக வேலை செய்யும். சூடு பட்டால் கூடுதலாகக் கசியும், அதில் மாமியார் சொல்வது சரிதான். ஆனால் மலேசியாவில் பிபிஏ உள்ள பால் போத்தல்களை 2012 மார்ச் மாதமே தடை செய்துவிட்டார்கள். உங்கள் பையன் பிறந்தது அதற்கு எத்தனையோ வருடம் கழித்து. கடையில் வாங்கிய போத்தல் பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீனாகத்தான் இருந்திருக்கும், அதில் பிபிஏ கிடையாது. சுடச்சுட ஊற்றினால் அதிலிருந்தும் நுண்ணிய பிளாஸ்டிக் துகள்கள் உதிர்கின்றன என்று 2020-இல் அயர்லாந்தில் கண்டார்கள். அதைத் தவிர்ப்பது நல்லது, ஆனால் அந்தத் துகளால்தான் பிள்ளை பருமனானான் என்று சொல்ல முடியாது.

பிபிஏவும் குழந்தையின் எடையும் என்று எடுத்தால் ஆய்வுகள் ஒன்றோடொன்று மோதுகின்றன. நான் சொன்ன அதே சலினாஸ் பிள்ளைகளில், கருவில் பிபிஏ அதிகம் பட்ட பெண் குழந்தைகள் ஒன்பது வயதில் எடை குறைவாக இருந்தார்கள். ஒன்பது வயதில் எடுத்த சிறுநீரில் பிபிஏ அதிகமாக இருந்த பிள்ளைகளோ எடை கூடியவர்கள். இரண்டாவதைக் கேட்டதும் பிபிஏதான் குண்டாக்கியது என்று தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். டின் உணவும் பாக்கெட் உணவும் அதிகம் தின்கிற பிள்ளைக்குச் சிறுநீரில் பிபிஏ கூடும், அதே உணவால் எடையும் கூடும். எது எதைச் செய்தது? மேலும் பிபிஏ சில மணி நேரத்தில் சிறுநீரில் வெளியேறிவிடும். ஒரு நாள் எடுத்த சிறுநீர் நேற்றுச் சாப்பிட்ட சார்டினைப் பற்றித்தான் சொல்லும், ஒன்பது மாதக் கர்ப்பத்தைப் பற்றிச் சொல்லாது. டிடிடி ஆய்வுகளை நான் கூடுதலாக நம்புவதற்குக் காரணம் இதுதான், அது உடம்பில் தங்குகிறது, ஒரு தடவை அளந்தாலே வருடக்கணக்கின் கதை தெரியும்.

விஞ்ஞானிகளும் இதில் ஒரே கட்சி இல்லை. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023-இல் பிபிஏவின் பாதுகாப்பான தினசரி அளவை 20,000 மடங்கு குறைத்தது. ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் அதை ஏற்காமல், அதைப்போல் ஆயிரம் மடங்கு அளவு இருந்தாலும் பாதுகாப்புதான் என்று தன் கணக்கைப் போட்டது. அந்த ஐரோப்பியக் குறைப்புக்கும் முக்கியக் காரணம் நோய் எதிர்ப்புச் செல்களில் கண்ட மாற்றம்தான், எடை இல்லை. 'பிபிஏ இல்லை' என்று ஸ்டிக்கர் ஒட்டிய பொருளில் அதன் பங்காளியான பிபிஎஸ் இருப்பதும் உண்டு, அதுவும் ஹார்மோனோடு விளையாடக் கூடியது. ஸ்டிக்கரைப் பார்த்து நிம்மதியாகிவிட வேண்டாம்.

இத்தனையும் சொன்ன பிறகு இந்திய வம்சாவளியான நம் ஆள்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ரசாயனப் பேச்சில் இது அடிபட்டுப் போகிறது. புனேயைச் சேர்ந்த டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், அங்கே பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் பிறந்தவர்களுக்கு 3.5 கிலோ. நம் குழந்தைகளுக்குத் தசையும் உறுப்புகளும் சிறியவை, ஆனால் தோலுக்கடியில் கொழுப்பு மட்டும் பெரிதாகக் குறையவில்லை. பார்க்க ஒல்லி, உள்ளே கொழுப்பு. தலைமுறை தலைமுறையாகத் தாய்மார்கள் அரை வயிற்றோடு பிள்ளை பெற்றதன் தடம் இதில் இருக்கலாம். நெதர்லாந்தில் 1944–45 பஞ்சத்தின்போது கர்ப்பத்தின் முதல் பாதியில் பட்டினி பட்ட தாய்மாரின் ஆண் பிள்ளைகள், வாலிபத்தில் கூடுதலாகப் பருமனாக இருந்ததும் இதே பாடம்தான். ஜப்பான்காரன் காலத்தில் நம் பாட்டிகள் மரவள்ளிக்கிழங்கைத் தின்று உயிர் பிழைத்ததை நினைத்துக்கொள்ளுங்கள். இப்படி வந்த உடம்பு, தோட்டம் துண்டாடப்பட்டுத் தாமானுக்கும் அடுக்குமாடிக்கும் குடிவந்து, மலை ஏறி இறங்குவதை நிறுத்திவிட்டு, தே தாரேக்கும் மேகியும் நாசி லெமாக்கும் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டால் என்ன ஆகும்? 2023 தேசிய சுகாதாரக் கணக்கெடுப்பில் மலேசியப் பெரியவர்களில் 54.4 விழுக்காட்டினர் எடை கூடியவர்கள். இனவாரியாகப் பார்த்தால் நீரிழிவில் நாம்தான் முன்னால் நிற்கிறோம்.

ஒரு சின்னக் கணக்கு. உங்கள் பையன் வயதுக்குச் சராசரி எடை சுமார் 23 கிலோ. கூடுதலாக இருப்பது பத்துப் பதினோரு கிலோ. ஒரு கிலோ கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி. அது நான்கு வருடத்தில் சேர்ந்தது என்றால் ஒரு நாளைக்கு ஐம்பது, அறுபது கலோரிதான். உடம்பு பெருக்கப் பெருக்க அதன் செலவும் கூடும் என்பதால் நிஜக் கணக்கு இதைவிட அதிகம், ஆனாலும் மலைக்கிற அளவு இல்லை. இதை நான் இரண்டு விதமாகவும் பார்ப்பேன். பசியை ஒரு நூல் கூட்டுகிற ஒரு ரசாயனம்கூட வருடக்கணக்கில் இந்த வேலையைச் செய்துவிட முடியும். ஆகவே ஒபிசோஜென் பேச்சைக் கதை என்று ஒதுக்க மாட்டேன். அதே வேளையில், இனிப்புக் கட்டிப்பாலில் ஏறத்தாழப் பாதி சீனி. இரண்டு கரண்டி ஊற்றிக் கலக்கிய ஒரு கிளாஸ் பானம் இந்தக் கணக்கைத் தனியாளாகவே முடித்துவிடும். முதலாவதை உங்களால் திரும்பிப் போய் மாற்ற முடியாது. இரண்டாவது நாளைக் காலையில் உங்கள் கையில் இருக்கிறது.

நல்ல வேளையாக இரண்டுக்கும் போகும் பாதை ஒன்றாகத்தான் இருக்கிறது. 2011-இல் அமெரிக்காவில் ஐந்து குடும்பங்களுக்கு மூன்று நாள் டின், பாக்கெட், பிளாஸ்டிக் எதுவும் படாத புதிய உணவைச் சமைத்துக் கொடுத்தார்கள். அவர்களின் சிறுநீரில் பிபிஏ சராசரியாக 66 விழுக்காடு இறங்கியது, பிளாஸ்டிக்கை நெகிழ வைக்கும் ஒரு தாலேட்டும் பாதிக்கு மேல் இறங்கியது. ஆக அதெல்லாம் நமக்குள் வருவது பெரும்பாலும் சாப்பாட்டின் வழியாக. வீட்டில் சோறு, கீரை, பருப்பு, சந்தையில் வாங்கிய மீன் என்று சமைத்தால் ரசாயனமும் குறையும், சீனியும் எண்ணெயும் குறையும். வாரத்துக்கு இத்தனை டின் சார்டின் என்றிருந்தால் அதை எப்போதாவது என்று ஆக்குங்கள். கடையில் கொதிக்கிற குழம்பையும் தேத்தண்ணியையும் பிளாஸ்டிக் பையில் கட்டி வாங்குவதைவிட, தூக்குச் சட்டியை எடுத்துப்போவது நல்லது. அந்தப் பைகளில் பிபிஏ இருக்காது, நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். ஆனால் சூடும் கொழுப்பும் சேரும்போது எந்தப் பிளாஸ்டிக்கிலிருந்தும் ஏதாவது ஒன்று சாப்பாட்டுக்குள் இறங்கும். மைக்ரோவேவில் பிளாஸ்டிக் டப்பா வேண்டாம். பெரிய தண்ணீர்க் குடுவையின் அடியில் முக்கோணத்துக்குள் 7 என்ற எண் போட்டிருந்தால் அது பாலிகார்பனேட்டாக இருக்கலாம், வெயிலில் வைக்காதீர்கள். வாசனைப் பவுடரைக் குழந்தையின் உடம்பெல்லாம் கொட்டும் நம் பழக்கத்தையும் விடலாம், வாசனைப் பொருள்களில் தாலேட் கலப்பது உண்டு. இதற்கு மேல் வீட்டைத் தலைகீழாகப் புரட்ட வேண்டியதில்லை.

பையனுக்கு இப்போது செய்ய வேண்டியது: அந்தக் கடிதத்தோடு கிளினிக்குக்குப் போங்கள். அவனுடைய உயரத்தையும் வளர்ச்சி வரைபடத்தில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். பருமனாக இருந்து வயதுக்கேற்ற உயரமும் இருந்தால் பெரும்பாலும் ஹார்மோன் நோய் இல்லை. குட்டையாகவே நின்றுவிட்டால் தைராய்டு முதலானவற்றைப் பார்க்க வேண்டும். கழுத்தின் பின்புறம் வெல்வெட் மாதிரி கறுத்திருக்கிறதா என்று பாருங்கள். அழுக்கு என்று நினைத்து அம்மாமார் நார் போட்டுத் தேய்ப்பார்கள், பிள்ளை அலறும். அது அழுக்கு இல்லை, இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதன் அடையாளம், டாக்டரிடம் காட்ட வேண்டியது. இரவில் குறட்டை விட்டு மூச்சுத் திணறினால் அதையும் சொல்லுங்கள். ஏழு வயதுப் பிள்ளையை இளைக்க வைக்கப் பட்டினி போடக் கூடாது. இனிப்புப் பானத்தை நிறுத்தி, சாயங்காலம் திடலில் ஓட விட்டு, எடை ஏறாமல் பிடித்து வைத்தாலே அவன் உயர உயரச் சரியாகிக்கொண்டு வரும். சமையலும் வீட்டில் எல்லாருக்கும் ஒன்றாகவே இருக்கட்டும், அவனுக்கு மட்டும் தனித் தட்டு வேண்டாம்.

உங்களுக்கு, ஐந்து மாதத்தில். கர்ப்பத்தில் எடை குறைக்க முயல வேண்டாம். பிள்ளைக்கும் ஆகாது; கொழுப்பில் சேர்ந்து கிடக்கும் பழைய ரசாயனங்கள் எடை இறங்கும்போது ரத்தத்துக்கு வருவதும் உண்டு. உடம்பில் உள்ள நஞ்சை எடுக்கும் என்று பசாரில் விற்கிற பொடி, தேநீர், பேதி மருந்து எதையும் தொடாதீர்கள், அவை டிடிடியையும் எடுக்காது பிபிஏவையும் எடுக்காது. கர்ப்பச் சர்க்கரைக்கான குளுக்கோஸ் பரிசோதனையை, குமட்டுகிறது என்று தள்ளிப்போடாமல் செய்துவிடுங்கள். தாயின் கட்டுப்படாத சர்க்கரையும் பிள்ளையைப் பின்னாளில் பருமனாக்குகிறது, நம் பெண்களுக்கு அது அதிகம். வீட்டுக்குள் கொசுவுக்கும் கரப்பானுக்கும் ஸ்ப்ரே அடிக்க வேண்டியிருந்தால் வேறு யாராவது அடிக்கட்டும், நீங்கள் வெளியே இருங்கள். வீட்டுக்காரர் தோட்டத்தில் இன்னும் மருந்தடிக்கிற வேலையில் இருந்தால், உடுப்பைக் கழற்றிக் குளித்துவிட்டு உள்ளே வரட்டும், அந்த உடுப்பைத் தனியாகத் துவையுங்கள்.

தாய்ப்பாலில் இந்த ரசாயனங்கள் வருகிறதே, கொடுக்கலாமா என்று கட்டாயம் கேட்பீர்கள். கொடுங்கள். டிடிடி போன்றவற்றைத் தடை செய்த நாடுகளில் தாய்ப்பாலில் அவற்றின் அளவு வருடா வருடம் இறங்கியே வந்திருக்கிறது, தாய்ப்பால் குடித்த பிள்ளைகளுக்குப் பின்னாளில் பருமன் சற்றுக் குறைவாகவே காணப்படுகிறது. உலகச் சுகாதார நிறுவனம் சொல்வதுபோல் முதல் ஆறு மாதம் அது மட்டுமே போதும். வேலைக்குத் திரும்பியபின் போத்தல் தேவைப்பட்டால் கண்ணாடிப் போத்தலோ, பாலிப்ரொப்பிலீனோ வாங்குங்கள். பவுடர் பால் என்றால் கொதிக்க வைத்த தண்ணீரைச் சூட்டோடேயே எவர்சில்வர் குவளையில் ஊற்றி மாவைக் கலந்து, ஆற வைத்து, பிறகு போத்தலில் ஊற்றுங்கள். மாமியாரிடம் இந்த வேலையை ஒப்படைத்தால் அவர் ஒரு நாளும் தவறவிட மாட்டார்.